ஒரு தாய் வயிற்றுச் சொற்கள்



36 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவனை அழைத்து, நம் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடிய பொருள் ஒன்றைப் பற்றித் தமிழிலேயே பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். ஒலியாலும் எழுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றி, பொருளால் வேறுபட்டு நின்று, எழுதுகிறவர் கையை இடறச்செய்யும் ஆங்கிலச் சொற்களை இனம் பிரித்து அறிவது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். பார்வைக்கு இது சிறிய விஷயந்தான். ஆயினும் என் மாணவப் பருவத்தில் நேர்ந்த ஒரு சம்பவத்தால் வாழ்நாள் முழுவதும் என்னைவிட்டு அகலாத விஷயமாயிற்று.

புகுமுக வகுப்பில் சேர்ந்த முதல் மாதத்தில், காய்ச்சலில் மூன்று நாள் படுத்தெழுந்து, பிறர் உதவி இன்றி நானே ஆங்கிலத்தில் ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குச் சென்றேன். அதை வாங்கிப் பிரித்த ஆசிரியர், முகப்பில் நான் கல்லூரி முதல்வரைக் குறிக்க எழுதியிருந்த சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, தாளை வகுப்பு முழுவதும் காணும்படி உயர்த்திப் பிடித்து, “இவன் கொள்கை ஒன்றுக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதியிருக்கிறான்” என்று படித்தார். எண்பது பேர் சிரித்தார்கள். பி, ஏ, எல் என்று முடியவேண்டிய பிரின்சிபாலை பி, எல், ஈ என்று முடித்துப் பிரின்சிபிள் ஆக்கியிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் தவறு இன்னதென்று சுட்டப்பட்டதே ஒழிய, அந்த இரண்டு சொற்களும் ஏன் அவ்வளவு நெருங்கி நிற்கின்றன, எதனால் பிரிந்தன என்பதை அன்று எனக்கு எவரும் சொல்லவில்லை. சுழித்த சிவப்பு வட்டத்தோடு அந்தத் தாளை நெடுநாள் என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன்.

நம் மொழியிலும் இத்தகைய இடர் உண்டு என்பதை அறிவீர்கள். அரம் கொல்லன் கைக்கருவி, அறம் தருமம். கிளி பறவை, கிலி அச்சம், கிழி பொன் முடிந்த துணி. இவற்றை மயங்கொலிச் சொற்கள் என்று பெயரிட்டுத் தொடக்கப்பள்ளியிலேயே பயிற்றுவிக்கிறோம். எனினும், தமிழில் எழுத்து வேறுபடும் இடத்தில் ஒலியும் வேறுபடுவதே இயல்பாகையால், எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தபடி நாவைப் பழக்கிக்கொண்ட பிள்ளை, பெரும்பாலும் பிழையின்றி எழுதிவிடும். ஆங்கிலத்தில் அந்தத் துணை கிடைப்பதில்லை. 1476-ஆம் ஆண்டில் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவியபோது அம்மொழிக்கு நிலைத்த எழுத்துக்கூட்டு ஒன்று அமையவில்லை; ஊருக்கு ஒரு வழக்காகவும், எழுதுவோர் கைக்கு ஒரு வழக்காகவும் சொற்கள் உலவின; அச்சுக்கோப்பவரோ தமக்குப் பழகியபடி கோத்தார்கள்; அதே நூற்றாண்டுகளில் நெட்டுயிர்களின் உச்சரிப்பு தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டும் இருந்தது. இவ்வாறு எழுத்து அச்சிலே உறைந்துபோக, ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தமையால், காதை நம்பி எழுதுவது ஆங்கிலத்தில் ஆபத்தான காரியமாயிற்று. ஆகவே ஒலியை விட்டு, சொல்லின் பூர்வீகத்தை விசாரிப்பதே நமக்கு உகந்த வழி என்பது என் அபிப்பிராயம். அவ்வாறு விசாரிக்கும்போது, இந்த இரட்டைகளிற் பல ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது தெரியவருகிறது.

என்னைத் தலைகுனியவைத்த இரட்டையையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதலிடம் பெற்றவன் என்று பொருள்படும் பிரின்செப்ஸ் என்னும் லத்தீன் சொல்லிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. முதன்மையானது, தலைமையானது என்று பொருள்பட்ட பிரின்சிபாலிஸ் ஒன்று. தொடக்கம், ஆதி, அடிப்படை என்று பொருள்பட்ட பிரின்சிபியம் மற்றொன்று. முன்னதிலிருந்து பிரின்சிபாலும், பின்னதிலிருந்து பிரின்சிபிளும் வந்தன. இனி நம் மொழியைப் பாருங்கள். கல்லூரித் தலைவரை முதல்வர் என்கிறோம். வட்டிக்குக் கொடுத்த மூலத்தொகையை முதல் என்கிறோம். எல்லாவற்றுக்கும் ஆதியாக நிற்பதை முதற்பொருள் என்கிறோம். ஆங்கிலேயர் இரண்டு எழுத்துக்கூட்டுகளில் வைத்துக் காக்கும் கருத்துகளைத் தமிழ் ‘முதல்’ என்னும் ஒரே சொல்லின் நிழலில் வைத்திருக்கிறது. ஆளாகவோ, கடன் தொகையாகவோ, ‘முதன்மையான’ என்னும் அடைமொழியாகவோ வருவதெல்லாம் ஏ-எல் என்று முடியும். கொள்கை, தத்துவம், விதி என்று கருத்தளவில் நிற்பது மட்டும் எல்-ஈ என்று முடியும். இந்த வமிசாவளியை அந்த ஆசிரியர் ஐந்து நிமிடம் செலவிட்டுச் சொல்லியிருப்பாரானால், வகுப்பிலிருந்த எண்பது பேருமே அன்றோடு அந்தத் தவற்றிலிருந்து விடுதலை பெற்றிருப்பார்கள்.

அடுத்து, கும்பகோணத்தில் நான் வேலைபார்த்த காலத்தில் கண்ட காட்சி ஒன்று. கடைத்தெருவில் நோட்டுப் புத்தகமும் பேனாவும் விற்கும் கடை ஒன்றின் பெயர்ப்பலகைக்குப் புது வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெயிண்டர். சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டி மேலும் கீழும் கோடு போட்டு, எழுத்துகளுக்கு இடம் அளந்து வைத்து, ‘ஸ்டேஷன்’ என்பது வரையில் சிவப்பில் எழுதி முடித்தவர், தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்துக்கொண்டே ஏணிமேல் தயங்கி நின்றார். என்னைக் கண்டதும், “சார், இதுக்கு மேலே ஏ-யா, ஈ-யா? எதிர்க்கடையிலே ஏ போட்டிருக்கு, இவங்க பழைய போர்டிலே ஈ இருந்துச்சு” என்றார். எழுதத் தொடங்குவதற்கு முன் தயங்கி நின்று கேட்கும் குணம் படித்தவர்களிடத்திலும் அருமையாகையால், அவர்மேல் எனக்கு உடனே மரியாதை உண்டாயிற்று. “பேக்கர் நடத்தும் கடை பேக்கரி, குரோசர் விற்கும் சரக்கு குரோசரி. அதேபோல ஸ்டேஷனர் என்று ஒரு வியாபாரி உண்டு. அவர் விற்கும் சரக்குத்தான் இது. வியாபாரியின் பெயரை எழுதி ஒய் சேர்த்துவிடுங்கள்” என்றேன். “அப்படின்னா ஈ-தான்” என்று சொல்லி, அவர் ஒரே வீச்சில் அந்த எழுத்தின் நிமிர்ந்த கோட்டை இழுத்தார்.

ஸ்டேஷனர் என்னும் அந்த வியாபாரியின் சரித்திரம் சுவையானது. மத்திய காலத்து ஐரோப்பாவில், மூட்டையைத் தோளிற் சுமந்து ஊர் ஊராகத் திரிந்து விற்றவர்களே மிகுதி. பல்கலைக்கழகங்கள் தோன்றிய நகரங்களிலோ, ஏடுகளை விற்கவும் பிரதி செய்யக் கொடுக்கவும் ஒரே இடத்தில் கடை வைத்து அமர்ந்த புத்தக வணிகர்கள் இருந்தார்கள். ஓரிடத்தில் நிலைத்து நின்றமையால் அவர்களை லத்தீனில் ஸ்டேஷனாரியஸ் என்றழைத்தார்கள். லண்டனில் இத்தொழிலோர் 1403-ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கமாகக் கூடினார்கள். 1557-இல் அச்சங்கம் அரச சாசனமும் பெற்றது. ஆக, அசையாமல் நிற்கும் வண்டியைக் குறிக்கும் ஏ-ஆர்-ஒய் ஸ்டேஷனரியும், தாளும் உறையும் ஆகிய ஈ-ஆர்-ஒய் ஸ்டேஷனரியும், நாம் டிக்கெட் வாங்கி ரயிலேறும் ஸ்டேஷனும் ‘நில்’ என்னும் ஒரே கருத்திற் பிறந்தவை. வடமொழியின் ஸ்தானம், ஸ்தலம் என்பவையும் இந்த லத்தீன் சொல்லுக்கு உறவினரே. நாமும் வேறொரு மொழிக்குடும்பத்தில் இருந்துகொண்டு, அதே போக்கில், நில் என்னும் வினையிலிருந்து நிலையம் என்று ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

இதனினும் என் மனத்தைக் கவர்ந்த இரட்டை ஒன்று உண்டு. ஈ இரட்டித்து வந்து டீ-யில் முடியும் டிஸ்க்ரீட் என்பது, எதை எவரிடம் எவ்வளவு சொல்லவேண்டும் என்று அறிந்து அடக்கத்தோடு நடந்துகொள்ளும் குணத்தைக் குறிக்கும். இரண்டு ஈ-களுக்கும் நடுவே டீ நிற்கும் டிஸ்க்ரீட் என்பதோ, ஒன்றோடொன்று ஒட்டாது தனித்தனியே நிற்பதைக் குறிக்கும். கணிதமும் புள்ளியியலும் படிப்பவர்களுக்கு இது பழகிய சொல். அடக்கமுள்ள மனிதருக்கும் தனித்தனியாக நிற்கும் எண்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் நெடுங்காலம் மலைத்ததுண்டு. இரண்டும், பிரித்தெடுக்கப்பட்டது என்று பொருள்படும் டிஸ்க்ரீட்டஸ் என்னும் ஒரே லத்தீன் சொல்லின் இரண்டு வடிவங்களே. 16-ஆம் நூற்றாண்டு வரையில் ஆங்கிலத்தில் இரண்டு பொருளுக்கும் எழுத்துக்கூட்டு மாறிமாறி வழங்கிவந்தது. பிரித்தல் என்பது எப்படி விவேகம் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு நாள் ‘விவேகம்’ என்னும் சொல்லே விடையாக வந்து நின்றது. விவேகம் என்பதற்கு வடமொழியில் வேர்ப்பொருளே பிரித்தறிதல்தான். நித்தியத்தையும் அநித்தியத்தையும் வேறு வேறாகப் பிரித்துக் காண்பவனையே வேதாந்திகள் விவேகி என்றார்கள். நம் தமிழ்ச் சொல்லோ இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: பகுத்து அறிவது பகுத்தறிவு. ரோமாபுரியிலும் காசியிலும் தமிழ்நாட்டிலும் மனிதர்கள் அறிவுடைமையைச் சேர்ந்துகிடப்பவற்றைப் பிரிக்கும் தொழிலாகவே கண்டிருக்கிறார்கள். இதை உணர்ந்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

தனித்தனி என்று பொருள்படும் சொல்லில் இரண்டு ஈ-களும் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன என்று மாணவர்கள் ஒரு குறிப்பு வைத்துக்கொள்வதுண்டு. பரீட்சை மண்டபத்தில் அத்தகைய உபாயங்கள் கைகொடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை, நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் பரீட்சை முடிந்து ஆறு மாதம் கழித்துக் கேட்டால், பிரிந்து நிற்பது எந்தச் சொல் என்பதிலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. சொல்லின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளையை, இருபது ஆண்டு கழித்துத் தெருவில் நிறுத்திக் கேட்டாலும் சரியாகச் சொல்கிறது.

நிரப்புதலைக் குறிக்கும் கம்ப்ளிமெண்டும் புகழ்ச்சியைக் குறிக்கும் கம்ப்ளிமெண்டும் அவ்வாறே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். முன்னது நடுவில் ஈ உடையது. பின்னது ஐ உடையது. நிறைவு செய்வது என்னும் பொருளுடைய லத்தீன் சொல் நேரே வந்து முன்னதாயிற்று. இரண்டு கோணங்கள் கூடி 90 பாகை ஆனால், அவற்றை நம் கணிதப் புத்தகங்கள் நிரப்புக் கோணங்கள் என்று மொழிபெயர்த்திருப்பது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். அதே லத்தீன் சொல் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் அரண்மனைகளில் உலவி, உபசாரத்துக்கு உரிய கடமையை நிறைவேற்றுதல் என்னும் பொருள் பெற்று, பிரெஞ்சு வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஐ-யோடு ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. கல்யாண வீட்டுப் பரிசுப் பொட்டலத்தின்மேலும், ஆண்டு மலரின் விளம்பரப் பக்கத்திலும், ஆசிரியருக்கு விலையின்றி வரும் புத்தகப் பிரதியிலும் காண்பது இந்த உபசாரச் சொல்லே. அங்கே ஈ போட்டுவிட்டால், மணமக்களுக்குக் கொடுக்கும் குத்துவிளக்கு அவர்களிடமுள்ள குறையை நிரப்புவதற்காகக் கொடுத்ததென்று பொருள்பட்டுவிடும்.

மாவைக் குறிக்கும் ஃபிளவரும் மலரைக் குறிக்கும் ஃபிளவரும் ஒன்றே என்றால் வியப்பாக இருக்கலாம். கோதுமையை அரைத்துச் சலித்தெடுத்த மேன்மையான பாகத்தை அதன் மலர் என்று அழைத்ததே வழக்கு. ஏறத்தாழ 42,000 சொற்களைத் தொகுத்து 1755-இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட பேரகராதியில்கூட மாவுக்கென்று தனி எழுத்துக்கூட்டு இடம்பெறவில்லை. உலோகத்தைக் குறிக்கும் மெட்டலும், மனவுறுதியைக் குறிக்கும் மெட்டிலும் அவ்வாறே ஒரு சொல்லாக இருந்து பிரிந்தவை. இரும்பு நெஞ்சன் என்று சொல்லும் நமக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

இனி, உறவே இல்லாமல் உருவத்தால் மட்டும் ஒத்திருப்பவை, அல்லது தூரத்து உறவாய் இருந்து நெருங்கியவைபோல் தோன்றுபவை உண்டு. அவற்றில் ஏ-யில் தொடங்கும் அஃபெக்டும் ஈ-யில் தொடங்கும் எஃபெக்டும் நம் அலுவலகங்களில் நாள்தோறும் குழப்பம் விளைவிப்பவை. இரண்டிலும் உட்கிடையாக இருப்பது ‘செய்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினை. முன்னதில் ஒட்டியிருப்பது ‘நோக்கி’ என்னும் முன்னொட்டு. ஆகவே அது ஒருவரையோ ஒரு பொருளையோ நோக்கிச் சென்று தாக்குவது, பாதிப்பது. பின்னதில் இருப்பது ‘வெளியே’ என்னும் முன்னொட்டு. ஆகவே அது செயலிலிருந்து வெளிப்படுவது, விளைவு. மழை பயிரைப் பாதித்தால் முன்னது. அப்பாதிப்பால் வந்த நஷ்டம் பின்னது. அரசாணைகளில் இன்ன தேதி முதல் அமலுக்கு வரும் என்று எழுதும் இடத்திலெல்லாம் ஈ-யே வரவேண்டும். ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்: ஈ-யில் தொடங்குவது வினையாகவும் வரும், ஆனால் அப்போது அதற்குப் பாதித்தல் என்று பொருளில்லை, ஒன்றை நடைமுறையில் கொண்டுவந்து முடித்தல் என்றே பொருள்.

தத்தெடுத்தலைக் குறிக்கும் அடாப்டும், தக்கவாறு மாற்றியமைத்தலைக் குறிக்கும் அடாப்டும் தமிழ் எழுத்தில் ஒரே உருவம் கொண்டுவிடுகின்றன. நம்மவர் பேச்சிலும் பெரும்பாலும் ஒரே ஒலியாகிவிடுகின்றன. முன்னதன் நடுவில் ஓ இருக்கிறது. பல பாடங்களில் ஒன்றைத் தெரிந்தெடுப்பதை ஆப்ஷன் என்கிறோமே, அதிலுள்ள ‘தேர்ந்துகொள்’ என்னும் வேர் அது. பிள்ளை இல்லாதவர் ஒரு பிள்ளையைத் தேர்ந்து தம்முடையதாக்கிக்கொள்வதுபோல, சபை ஒரு தீர்மானத்தைத் தேர்ந்து தன்னுடையதாக்கிக்கொள்கிறது. பின்னதன் நடுவில் ஏ. பொருந்துவது என்பது அதன் வேர்ப்பொருள். சுவரிலுள்ள துளைக்கு நம் பிளக் பொருந்தாதபோது நடுவே செருகும் அடாப்டரை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆலோசனை சபையாகிய கவுன்சிலும், ஆலோசனையாகிய கவுன்சலும் லத்தீனிலேயே இரண்டு வெவ்வேறு சொற்கள்; ஆனால் சபை கூடுவதே ஆலோசனைக்காகத்தானே என்ற எண்ணத்தாற்போலும், பிரான்சிலும் இங்கிலாந்திலும் எழுத்தர்கள் இரண்டையும் கலந்துவிட்டார்கள். பின்னர் அவற்றைப் பிரித்து நிறுத்துவதற்குப் பெரும்பாடு படவேண்டியிருந்தது. நகராட்சி உறுப்பினரையும் மனநல ஆலோசகரையும் நாம் தமிழில் கவுன்சிலர் என்றே எழுதிவிடுகிறோமாகையால், பழைய கலப்பு நம்மிடத்தில் மீண்டும் நடந்தேறிவருகிறது.

கடைசியாக, எழுத்தைவிட ஒலியால் திருத்தவேண்டிய ஓர் இனம். பிடி தளர்ந்ததைக் குறிக்கும் லூஸும், இழப்பதைக் குறிக்கும் லூஸும் நம் பிள்ளைகளின் விடைத்தாள்களில் ஓயாது இடம் மாறுகின்றன. பணத்தை இழந்தவன் பணத்தைத் தளர்த்தியவன் ஆகிவிடுகிறான். தளர்வுக்கு இரண்டு ஓ. இழப்புக்கு ஓர் ஓ. இங்கே காது நமக்குத் துணைசெய்யும். ஆனால் நம் எழுத்து அதற்கு இடம் கொடுப்பதில்லை. தளர்வின் ஈற்றில் வெறும் காற்றாகச் சீறும் ஸகரம் இருக்கிறது. இழப்பின் ஈற்றிலோ தொண்டை அதிர்ந்து பிறக்கும் வேறொரு ஒலி இருக்கிறது. அதற்குத் தமிழில் எழுத்து இல்லாமையால் இரண்டையும் ஒரே ஸகரத்தால் எழுதி, ஒரே ஸகரமாகப் பேசியும் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் இது பரவலான ஒரு முறை: வீடு என்னும் ஹவுஸில் ஈற்றொலி அதிராது, வீடளித்தல் என்னும் ஹவுஸில் அதிரும், பயன் என்னும் யூஸில் அதிராது, பயன்படுத்து என்னும் யூஸில் அதிரும். அட்வைஸும் அப்படியே, அறிவுரை என்னும் பெயர்ச்சொல்லுக்கு சீ, அறிவுரை சொல் என்னும் வினைச்சொல்லுக்கு எஸ். இதனைக் காதால் அறிந்தவர், ஒலியில் வேறுபடாத பிராக்டிஸையும் லைசென்ஸையும் அதே வாய்பாட்டால் பெயருக்கு சீ, வினைக்கு எஸ் என்று பிரித்துவிடலாம். அமெரிக்கர் இந்த வேறுபாட்டைக் கைவிட்டிருந்தாலும், நம் நாட்டில் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கையே பின்பற்றுகிறோம்.

இதற்காக நான் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் ஒரு வகுப்பை ஒதுக்கிவிடுவேன். புத்தகத்தை மூடச் சொல்லி, வலக்கையின் இரண்டு விரல்களைத் தொண்டைக்குழியின்மேல் மெதுவாக வைத்துக்கொள்ளச் சொல்லி, முதலில் தளர்வின் ஈற்றொலியை நீட்டிச் சொல்லவைப்பேன். வகுப்பெங்கும் தென்னந்தோப்பில் காற்று புகுந்ததுபோல் ஒரு சீறல் எழும். விரலுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு இழப்பின் ஈற்றொலி. சிறிது நேரம் அவர்களுக்கு அது பிடிபடாது. சீறலே திரும்பத் திரும்ப வரும். பின்வரிசையில் யாரோ ஒரு பிள்ளைக்கு முதலில் விரல் நுனியில் அதிர்வு தட்டும். அது கண்ணை அகல விரித்துப் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்துக் காட்டும். அங்கிருந்து பெஞ்சு பெஞ்சாகப் பரவி, சற்று நேரத்தில் அறுபது தொண்டைகளும் ஒன்றாக ரீங்காரம் செய்யத் தொடங்கும்.